காட்டுத்தீக்குப் பிறகு: வார நாள் சமையலில் ஒரு பங்கு கீழ்வீட்டுக்கு

எல்லாருக்கும் வணக்கம். இன்று செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி. குக்கரில் காராமணி வேகிறது. ஆவி அடங்குவதற்குள் பேசிவிடலாம் என்று கேமராவை அடுப்படியிலேயே வைத்துவிட்டேன்.

பல பேர் கேட்டிருக்கிறீர்கள்: வேலைக்கும் போய், வீட்டுக்கும் சமைத்து, தீயில் வீடு இழந்தவர்களுக்கும் எப்படிச் சமைத்துக் கொடுக்க முடிகிறது என்று. தனியாகச் சமைப்பதே இல்லை, அதுதான் பதில். எங்களுக்கு என்ன சமைக்கிறேனோ அதில் ஒரு டம்ளர் கூடப் போடுகிறேன். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு டம்ளரை எப்படிப் பிரிப்பது, எப்படிக் கொடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. நாங்கள் இருப்பது கலிபோர்னியாவில் பாசடீனாவில். எங்களுக்கு வடக்கே, மலையடிவாரத்தில் இருக்கும் ஊர் ஆல்டடீனா. 2025 ஜனவரி 7 மாலை ஈட்டன் பள்ளத்தாக்குப் பக்கம் தீப்பிடித்தது. பாலைவனப் பக்கமிருந்து வரும் சாண்டா அனா என்ற வறண்ட காற்று அன்று பேயாக அடித்ததால், தண்ணீர் ஊற்றும் விமானங்களைக்கூட இரவில் பறக்கவிட முடியவில்லை. விடிவதற்குள் தெருத் தெருவாகப் போய்விட்டது. 9,400-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன, 19 உயிர்கள் போயின. இறந்தவர்களில் ஏறக்குறைய எல்லாருமே ஊரின் நடுவே போகும் லேக் அவென்யூ என்ற சாலைக்கு மேற்கே இருந்தவர்கள். வெளியேறச் சொல்லும் உத்தரவு அந்தப் பகுதிக்கு அதிகாலை மூன்று மணிக்குப் பிறகுதான் வந்தது. வேறு இடங்களில் கறுப்பின மக்களுக்கு வீடு விற்க மறுத்த காலத்தில், அவர்கள் வாங்க முடிந்த இடம் அந்த மேற்குப் பக்கம். அப்பா அம்மா கட்டிக் காத்த வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். அப்படி ஒரு வீட்டை இழந்துவிட்டு வந்தவர்தான் இப்போது எங்கள் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் அம்மா. எழுபதைத் தாண்டியவர். இரத்தக்கொதிப்பு உண்டு, உப்பு குறைவாகத்தான் சாப்பிட வேண்டும். இதைச் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம் இந்த ஊரில் உதவி வெள்ளமாக வந்தது. ஆர்கேடியாவில் சாண்டா அனிடா குதிரைப் பந்தயத் திடலில் துணிமணி குவிந்து கிடந்தது. சாப்பாட்டுக்கும் குறைவில்லை. ஆனால் வந்தது என்னவென்று பாருங்கள்: பீட்சா, பர்கர், சாண்ட்விச், சிப்ஸ். அவசரத்துக்கு அதுதான் முடியும், கொடுத்தவர்களைக் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் மோட்டல் அறையில் மாதக்கணக்கில் தங்கியிருக்கும் ஒருவருக்கு, அதுவும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, தினமும் அது எப்படி ஒத்துக்கொள்ளும்? "வேக வைத்த காய் ஏதாவது கிடைத்தால் போதும்" என்று அந்த அம்மா என்னிடம் சொன்ன அன்றுதான் எனக்கு விளங்கியது, எங்கள் வீட்டு வார நாள் சாப்பாடே அதுதானே என்று. பருப்பு, காய், கீரை, சோறு.

அதனால் விருந்து சமைத்துக் கொடுக்காதீர்கள் என்பேன். பிரியாணியும் குருமாவும் இரண்டு முறை செய்வீர்கள், மூன்றாவது முறை உடம்பு கேட்காது, நின்றுவிடும். கூட்டும் சோறும் என்றால் வருஷம் முழுக்கக் கொடுக்கலாம். தீக்குப் பிறகு வீடு கட்டுவது வாரக்கணக்கில் முடிகிற வேலையா? சாம்பலை அள்ளி, மண்ணைச் சோதித்து, வரைபடத்துக்கு அனுமதி வாங்கி, காப்பீட்டுக் கம்பெனியோடு மல்லுக்கட்டி, அப்புறம்தான் அஸ்திவாரம். வாடகைக்காகக் காப்பீட்டில் வரும் பணத்துக்கும் ஒரு வரம்பு இருக்கிறது, பலருக்கு வீடு எழும்புவதற்கு முன்பே அது தீர்ந்துவிடுகிறது. ஒரு வருஷம் கழித்து யார் கதவைத் தட்டுகிறார்கள் என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியது.

சரி, குக்கர் அடங்கிவிட்டது. பாருங்கள், இரவே ஊறப் போட்ட காராமணி. நகத்தால் அழுத்தினால் நசுங்க வேண்டும், தோல் கிழியக் கூடாது. உப்பு இன்னும் போடவில்லை, புளியும் விடவில்லை. இந்த இடத்தில்தான் நான் இரண்டாகப் பிரிப்பேன். எங்கள் பங்குக்குக் கத்தரிக்காய், புளித்தண்ணீர், குழம்புப் பொடி, உப்பு. அந்த அம்மா பங்குக்கு வெங்காயம், பூண்டு, தக்காளி, மிளகு, கடைசியில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. புளிப்பு இருந்தால் உப்பு குறைவது அவ்வளவாகத் தெரியாது. ஒரே குக்கர், இரண்டு வாணலி, கூடுதலாகப் பதினைந்து நிமிஷம். பாசிப்பருப்புக் கீரைக் கூட்டும் இப்படித்தான். தேங்காயும் சீரகமும் மட்டும் அரைத்துச் சேர்த்துவிட்டு முதலில் அவருக்கு எடுத்துவைத்துவிடுவேன், பச்சை மிளகாயைக் கீறிப் போடுவதும் உப்பும் அதற்குப் பிறகு.

முதல் தடவை இந்தக் காராமணியைக் கொண்டுபோனபோது டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர்கள் வீட்டில் ஒவ்வொரு புத்தாண்டு அன்றும் காராமணியும், முட்டைக்கோஸ் இனத்தைச் சேர்ந்த காலர்ட் கீரையும் சமைப்பார்களாம். அமெரிக்கத் தெற்கு மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களுக்கு அது வழிவழியாக வரும் பழக்கம். 2025 புத்தாண்டுக்கும் அந்த வீட்டு அடுப்பில் வைத்திருக்கிறார். அதற்கு அடுத்த வாரம் அந்த வீடு இல்லை. அன்று நாங்கள் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

கொடுக்கும்போது நான் பார்த்துக்கொள்ளும் சில விஷயங்கள். முதலில் அவர்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். அடுப்பு இருக்கிறதா, மைக்ரோவேவ் மட்டுமா, ஃபிரிட்ஜ் எவ்வளவு பெரியது. மோட்டலில் குட்டி ஃபிரிட்ஜ்தான் இருக்கும், பெரிய பாத்திரம் நிறையக் கொடுத்தால் வைக்க இடமிருக்காது. ஒரு வேளைக்கு ஒரு டப்பா, அதுவும் திருப்பித் தர வேண்டாத டப்பா. பாத்திரத்தைக் கழுவி வைத்து, ஞாபகமாகத் திருப்பிக் கொடுக்கும் கவலை அவர்களுக்கு வேண்டாம். சமைத்த சோறு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது, அதனால் சூட்டோடு கொடுத்துவிடுவேன், இல்லையென்றால் ஆழமில்லாத டப்பாவில் பரப்பி, சீக்கிரம் ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். மூடியில் தேதியும் என்னென்ன போட்டிருக்கிறது என்பதும் எழுதுவேன். முந்திரி, வேர்க்கடலை, கடுகு எல்லாவற்றையும் எழுதுங்கள். பெருங்காயத்தை மறந்துவிடாதீர்கள், நாம் கடையில் வாங்கும் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதுவே போதும்.

இன்னொரு கேள்வி, வெளியே புகை இருக்கும்போது வீட்டுக்குள் எப்படிச் சமைப்பது. இங்கே தீக்காலம் என்றால் இது நிஜமான கவலை. அந்த நாட்களில் எண்ணெயில் பொரிப்பது, வறுப்பது, ஓவனில் சுடுவது எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். அவை வீட்டுக்குள்ளேயே நுண்துகளைக் கிளப்பும், ஜன்னலையும் திறக்க முடியாது. புகைபோக்கி விசிறியை ஓட்டினாலும் வெளிக்காற்றுதான் வேறு வழியாக உள்ளே வரும். இங்கேதான் நம் சமையலை நினைத்து எனக்குப் பெருமையாக இருக்கும். இட்லி, இடியாப்பம், புட்டு எல்லாமே ஆவியில் வேகிறவை. குக்கரில் அடியில் பருப்பு, மேல் தட்டில் அரிசி, அதற்கு மேல் காய் வைத்தால் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்தது. அவியலுக்குத் தாளிப்பே வேண்டாம், இறக்கிவைத்துப் பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் போட்டால் போதும். மற்றதற்கும் அந்த நாட்களில் தாளிக்க மாட்டேன், கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டுவிடுவேன். கேஸை விட மின்சாரக் குக்கர் நல்லது. காற்றுச் சுத்திகரிப்பான் இல்லாதவர்கள் ஒரு பாக்ஸ் ஃபேனின் பின்பக்கம் நுண்துகளைப் பிடிக்கும் மெர்வ்-13 தர ஃபில்டரை ஒட்டி ஓட்டலாம், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும்.

கரண்டு போனால் ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் நாலு மணி நேரம் தாங்கும், நிறைந்திருக்கும் ஃபிரீசர் இரண்டு நாள். தீயின் சூடும் புகையும் பட்ட வீட்டிலிருந்த அரிசி, மாவு, பிளாஸ்டிக் பொட்டலங்கள் எதையும் எடுத்துச் சமைக்காதீர்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தண்ணீரும் அப்படித்தான். ஆல்டடீனாவில் தீக்குப் பிறகு குழாய்த் தண்ணீரில் பென்சீன் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்திருக்கலாம் என்று குடிக்க வேண்டாம் என்றார்கள். "குடிக்காதீர்கள்" என்றால் கொதிக்க வைத்தும் குடிக்கக் கூடாது என்று அர்த்தம், சமைக்கவும் கூடாது. பென்சீன் கொதித்தால் ஆவியாகி நம் மூக்குக்குத்தான் வரும்.

கடைசியாக, எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது. அந்த அம்மா கீழ்வீட்டுக்குக் குடிவந்தபோது மோட்டலில் இல்லாத அடுப்பு கிடைத்துவிட்டது, ஆனால் வேறு ஒன்றும் இல்லை. உப்பு டப்பா இல்லை, கத்தி இல்லை, வெட்டுப் பலகை இல்லை, வடிதட்டு இல்லை. நாற்பது வருஷம் சமைத்த கை, ஒரு வெங்காயத்தை நறுக்கப் பிளாஸ்டிக் கத்தியைத் தேடியது. அப்போது நான் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு, என்னவெல்லாம் வேண்டும் என்று அவரையே எழுதச் சொன்னேன். நல்ல கத்தி ஒன்று, கனமான பாத்திரம் ஒன்று, மிளகு, தைம் என்ற மூலிகை இலை, மக்காச்சோள மாவு. நமக்குத் தோன்றுவதை வாங்கித் தராமல் அவர் எழுதியதை மட்டும் வாங்கினோம். கொஞ்சம் பணம் கொடுக்கக் கூடியவர்கள் மளிகைக் கடை கிஃப்ட் கார்டாகக் கொடுங்கள். காய்கறிக் கடைக்குப் போய், தானே பொறுக்கி, தன் அடுப்பில் வைப்பது வேறு. இப்போது செவ்வாய் மட்டும் என் டப்பா கீழே போகிறது, வெள்ளிக்கிழமை அவர் வீட்டிலிருந்து மக்காச்சோள ரொட்டி மேலே வருகிறது. என் பையன் அதைக் காராமணிக் குழம்பில் தொட்டுச் சாப்பிடுகிறான், பிரமாதமாக இருக்கிறது, நீங்களும் செய்து பாருங்கள்.

அடுத்த வாரம் காலர்ட் கீரையை எப்படி அரிந்து, எவ்வளவு நேரம் வேக வைக்க வேண்டும் என்று அவரே சொல்லித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். முகத்தைக் காட்ட விருப்பமில்லை, கையை மட்டும் எடுத்துக்கொள் என்றார். அப்படியே எடுத்துப் போடுகிறேன். இப்போது டப்பாவைக் கீழே கொடுத்துவிட்டு வருகிறேன்.