சமூகப் பணியாளரான ஓர் ஓவியர் விட்டுப்போன தாள்கள்: பத்திரப்படுத்துவது எப்படி?

[திரையில்: அட்டைக் கோப்பு ஒன்று. அதிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைக்கிறார்கள்.]

வணக்கம். பகலெல்லாம் சமூகப் பணி, ராத்திரி சாப்பிட்டு முடித்த மேசையிலேயே ஓவியம் என்று வாழ்ந்த ஒருவர் மறைந்துவிட்டார். யாரிடமும் படிக்காமல் தானாகவே வரையக் கற்றுக்கொண்டவர். அவர் விட்டுப்போன தாள்களை வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது, அவற்றை வைத்து அவரை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம். என் அப்பா அப்படிப்பட்டவர்.

அஞ்சலி செலுத்த வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: தங்கமான மனுஷன். அது உண்மைதான். ஆனால் அவரைப் பார்த்தே இராத பேரப்பிள்ளைக்கு அந்த ஒரு வார்த்தையை வைத்து அவரைக் காட்ட முடியாது. சமூகப் பணி செய்தவர்கள் விஷயத்தில் இது இன்னும் கஷ்டம். கொத்தனார் போன பிறகும் அவர் கட்டிய வீடு நிற்கும். வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குப் பாதுகாப்பான இடம் தேடிக் கொடுத்தவருக்கு என்ன நிற்கும்? அந்த வேலை சரியாக நடந்திருந்தால், அப்படி ஒன்று நடந்ததே வெளியே தெரியாது. அதனால்தான் இவர்கள் வரைந்த தாள்களுக்கு இவ்வளவு மதிப்பு. இவர் யாரைப் பார்த்தார், எதை உற்றுப் பார்த்தார் என்பதற்குக் கையில் இருக்கும் சாட்சி அது ஒன்றுதான்.

[திரையில்: ஓரம் பழுத்த தாள், நெருக்கத்தில்.]

முதலில், அவசரப்பட்டுச் செய்யக்கூடாதவை. துக்கத்தில் இருக்கும்போது பிடித்த படத்தைச் சட்டம் போட்டு வெளிச்சமான சுவரில் மாட்டத்தான் தோன்றும். தானாகக் கற்றவர்கள் பெரும்பாலும் கைக்குக் கிடைத்த தாளில், கைக்குக் கிடைத்த பேனாவால் வரைவார்கள். மலிவான மரக்கூழ்த் தாளில் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் தாள் மஞ்சளாகி, நொறுங்குவதற்கு அதுவும் தாளில் உள்ள அமிலமும் காரணம். பால்பாயிண்ட் மையும் ஸ்கெட்ச் பேனாவின் சாயமும் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். வெளுத்தது திரும்பி வராது. அருங்காட்சியகங்களில் தாள் ஓவியங்கள் இருக்கும் அறை மங்கலாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வெளிச்சத்தை ஏறக்குறைய 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில்தான் வைப்பார்கள். வீட்டுச் சுவருக்கு நல்ல பிரதி ஒன்று போதும்.

கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை நாளடைவில் தாளுக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாக நிற்கும். லாமினேஷன் வேண்டவே வேண்டாம், அதைப் பிரித்தெடுக்க வழி கிடையாது. அமிலமில்லாத தாளை இடையில் வைத்துப் படுக்கை வசமாக அடுக்கி, ஈரமும் சூடும் ஏறாத அலமாரியில் வையுங்கள். கரித்துண்டால் வரைந்தவற்றைப் பிளாஸ்டிக் உறையில் போடக்கூடாது, உறையின் நிலைமின்சாரம் கரித்தூளை இழுத்துக்கொள்ளும். சரி, இது போதும். இதைவிட முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது.

[திரையில்: ஒரு தாள் மெல்லத் திருப்பப்படுகிறது. பின்பக்கம் மங்கலாக்கப்பட்டிருக்கிறது.]

ஒவ்வொரு தாளையும் திருப்பிப் பாருங்கள்.

அப்பா பழைய அலுவலகச் சுற்றறிக்கைகளின் வெற்றுப் பக்கத்தில் வரைவார். ஒரு தாளில் ஒரு கிழவியின் இரண்டு கைகள் மட்டும் இருக்கும். மடியில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் கைகள். கட்டை விரல் நகத்தின் பிளவைக்கூட நீலப் பேனாவால் கீறியிருப்பார். படத்தில் தேதி இல்லை. ஆனால் பின்பக்கத்துக் கூட்ட அறிவிப்பில் தேதி இருந்தது. அப்படியானால் படம் அந்தத் தேதிக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பே இல்லை. இந்த மாதிரிப் பின்பக்கங்களை வைத்தே பல படங்களை ஓரளவுக்கு வரிசைப்படுத்திவிடலாம்.

வரிசைப்படுத்தியதும் அவர் கற்றுக்கொண்ட விதம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். கையை வரைவது யாருக்குமே கஷ்டம். அப்பாவின் பழைய படங்களில் எல்லோரும் கையைப் பின்னால் கட்டியிருப்பார்கள், அல்லது சட்டைப் பையில் விட்டிருப்பார்கள். அப்புறம் விரல்கள் வரும், எல்லாம் ஒரே நீளத்தில். கடைசியில்தான் அந்தக் கிழவியின் கைகள். எனவே நன்றாக வராத படங்களைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். அவருடைய ஆசிரியர்கள் அந்தப் படங்கள்தான்.

வேறு வேலை பார்த்துக்கொண்டே இப்படிக் கற்றவர்கள் கலை வரலாற்றில் நிறையப் பேர். ஹென்றி ரூசோ பாரீசில் சுங்க வரி வசூலிக்கும் ஊழியர். ஃபெர்டினான் செவால் பிரான்சில் ஒரு கிராமத்துத் தபால்காரர். 1879இல் தொடங்கி 33 ஆண்டுகள் கற்களைப் பொறுக்கி வந்து ஒரு மாளிகையையே எழுப்பினார். சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த் உடைந்த வளையல்களையும் பீங்கான் துண்டுகளையும் வைத்து ரகசியமாகச் செய்த சிற்பத் தோட்டம் 1976இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. நம் வீட்டு ஓவியருக்கு அந்தப் புகழ் வர வேண்டியதில்லை. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த கவனம் இவருக்கும் கிடைக்க வேண்டும்.

[திரையில்: வெறும் மேசை, ஒரு மூடிய நோட்டு.]

பின்பக்கத்தில் எப்போதும் கூட்ட அறிவிப்பு மட்டும் இருக்காது. ஒரு குடும்பத்தின் பெயர், ஒரு குழந்தையின் நிலைமை, யாரோ அழுதுகொண்டே சொன்ன ஏதோ ஒன்று இருக்கலாம். அவருடைய நோட்டுகளிலும் அப்படித்தான். அவர் அதை நம்மிடம் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததும் அவருடைய வேலையின் ஒரு பகுதி. அமெரிக்காவின் தேசிய சமூகப் பணியாளர் சங்கத்தின் நெறிமுறைகள், உதவி பெற்றவர் இறந்த பிறகும் அவருடைய ரகசியத்தைக் காக்க வேண்டும் என்கின்றன. அதனால் அப்படிப்பட்ட பின்பக்கங்களை யாரோடும் பகிராதீர்கள். நோட்டுகளை என்ன செய்வது என்று அவர் வேலை பார்த்த நிறுவனத்திடம் கேளுங்கள். அடையாளம் தெரியும்படி முகம் வரைந்திருந்தால், சம்பந்தப்பட்டவர் சம்மதிக்கும்வரை அந்தப் படமும் வெளியே போகக்கூடாது. எவ்வளவு அழகான படமாக இருந்தாலும் சரி. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

[திரையில்: ஒரு பெரியவரின் கையில் ஓவியத்தின் பிரதி.]

அடுத்து, மனிதர்கள். வயதானவர்களிடம் முதலில் போங்கள். "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் மறுபடியும் தங்கமான மனுஷன்தான் வரும். ஒரு படத்தின் பிரதியைக் கையில் கொடுத்து, "இது எந்த இடம் சித்தப்பா?" என்று கேளுங்கள். இடம் ஞாபகம் வரும், இடத்தோடு நாள் வரும், அன்றைக்கு அவர் யாருக்காக அங்கே போனார் என்பது வரும். போனில் பதிவு செய்யலாமா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். பேச்சு நின்றால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களையும் கேளுங்கள். ஊருக்கெல்லாம் ஓடியவர் வீட்டில் எத்தனை சாயங்காலம் இல்லாமல் போனார் என்பது அம்மாவுக்குத் தெரியும். அதையும் அம்மாவின் வார்த்தையிலேயே எழுதுங்கள். குறை சொன்னால் மரியாதை குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். களைத்து வந்த பிறகும் பிள்ளையின் பாடநூலுக்கு அட்டை போட உட்கார்ந்தார் என்பதன் அருமை, அவர் எவ்வளவு களைத்திருந்தார் என்று தெரிந்தால்தான் புரியும்.

[திரையில்: தாளின் மூலையில் பென்சிலால் ஓர் எண் எழுதப்படுகிறது.]

கடைசியாகப் பங்கு பிரிப்பது. அண்ணனுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று என்று கொடுக்கத்தான் போகிறோம், கொடுக்கவும் வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு தாளின் பின்பக்க மூலையிலும் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், ஓர் எண் எழுதுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். பெரிய படம் என்றால் நேரடி வெயில் படாத ஜன்னலோரத்தில், ஃபிளாஷ் இல்லாமல் போட்டோ எடுங்கள். படம் ஒருவர் வீட்டுக்குப் போனாலும் காப்புரிமை, அதாவது அதைப் பிரதி எடுக்கவும் வெளியிடவும் உள்ள உரிமை, தானாக அவரோடு போய்விடாது. உயில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் அது வாரிசுகளுக்குப் பொதுவானது. இந்தியச் சட்டப்படி வரைந்தவர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் அந்த உரிமை இருக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 70. ஆகவே எல்லாத் தாள்களுக்கும் ஒரு பட்டியல் போடுங்கள். அதில் எண், அளவு, எதனால் வரைந்தது, யார் என்ன சொன்னார்கள் என்பவற்றோடு, இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்பதற்கும் ஒரு பத்தி விடுங்கள். பட்டியலின் பிரதி ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும்.