கூகுள் விளம்பரத்தில் காசு எங்கே கசிகிறது?

நேயர்களுக்கு வணக்கம். கூகுளில் காசு கொடுத்து விளம்பரம் செய்வதைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலர் இதை ஏற்கெனவே செய்து பார்த்திருப்பீர்கள். "பணம்தான் போச்சு, உருப்படியா ஒரு போன்கூட வரலை" என்று பாதியில் விட்டும் இருப்பீர்கள். உங்களை மனதில் வைத்துத்தான் பேசப்போகிறேன்.

கோயம்புத்தூர் வெட் கிரைண்டரையே எடுத்துக்கொள்வோம். புவிசார் குறியீடு வாங்கிய பொருள். பெரிய கம்பெனிகளும் செய்கின்றன, சின்னப் பட்டறைகளும் செய்கின்றன. ஒரு பட்டறைக்காரர் கூகுளின் விளம்பரச் சேவையான கூகுள் ஆட்ஸில் கணக்குத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'கிரைண்டர்' என்று ஒரே ஒரு கீவேர்ட் போடுகிறார், அதாவது இந்தச் சொல்லைத் தேடுகிறவருக்குத் தன் விளம்பரம் தெரிய வேண்டும் என்கிறார். யாராவது அதைக் கிளிக் செய்தால் அவருக்குக் காசு போகும். நாளுக்கு 500 ரூபாய் பட்ஜெட். சாயங்காலத்துக்குள் 500 ரூபாயும் தீர்ந்துவிடுகிறது, கிரைண்டர் ஒன்றும் விற்கவில்லை. கிளிக் செய்தவர்கள் யார்?

அது அவருடைய கணக்கிலேயே இருக்கிறது. 'செர்ச் டெர்ம்ஸ்' என்று ஓர் அறிக்கை. நாம் கொடுத்த கீவேர்ட் வேறு, ஜனங்கள் உண்மையில் தட்டியது வேறு. தட்டியதைக் காட்டுவது இந்த அறிக்கை. அதைத் திறந்தால் 'ஆங்கிள் கிரைண்டர் விலை' என்று ஒருவர் தேடியிருப்பார். அவர் இரும்பு வெட்டுகிறவர், மாவுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அப்புறம் 'காபி கிரைண்டர்'. 'கிரைண்டர் பெல்ட் மாற்றுவது எப்படி'. 'செகண்ட் ஹேண்ட் கிரைண்டர்'. 'கிரைண்டர் கம்பெனியில் வேலை'. 'இலவச கிரைண்டர்' என்றுகூட வரலாம். 2011-இல் தமிழ்நாடு அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியது நினைவிருக்கும். இத்தனை பேருடைய கிளிக்குக்கும் காசு கொடுத்தவர் நம் பட்டறைக்காரர்.

இவர்களை விலக்கத்தான் 'நெகட்டிவ் கீவேர்ட்'. ஆங்கிள், காபி, வேலை, இலவசம், செகண்ட் ஹேண்ட் என்று ஒரு பட்டியல் கொடுத்துவிட்டால் அந்தச் சொற்கள் வரும் தேடலில் விளம்பரம் வராது. ஒன்று கவனியுங்கள். சாதாரணக் கீவேர்டுக்குக் கூகுள் தானாகவே ஒத்த சொற்களையும் சேர்த்துக்கொள்ளும். நெகட்டிவுக்கு அப்படிச் செய்யாது. 'ஜாப்' என்று விலக்கினால் 'ஜாப்ஸ்' என்று தேடுகிறவர் வந்து நிற்பார். ஒருமை, பன்மை, தமிழ், ஆங்கிலம் எல்லாவற்றையும் நாமே தனித்தனியாகப் போட வேண்டும். தொடக்கத்தில் தினமும் இந்த அறிக்கையைப் பாருங்கள், பிறகு வாரம் ஒருமுறை போதும். விளம்பரத்தை நடத்துவதில் பாதி வேலை இதுதான் என்பது என் கருத்து. இன்னொன்று, 2020 செப்டம்பரிலிருந்து மிகச் சிலரே தேடிய சொற்களை இந்த அறிக்கை காட்டுவதில்லை. அதனால் கண்ணுக்குத் தெரியாத செலவும் கொஞ்சம் இருக்கும்.

கீவேர்டைச் சும்மா அப்படியே போட்டால் அது 'பிராட் மேட்ச்'. சம்பந்தம் இருப்பதாகக் கூகுள் நினைக்கும் எந்தத் தேடலுக்கும் விளம்பரம் போகும். மேற்கோள் குறிக்குள் போட்டால் 'ஃபிரேஸ் மேட்ச்', நாம் போட்ட சொற்களின் அர்த்தம் அடங்கிய தேடல்களுக்குப் போகும். சதுர அடைப்புக்குறிக்குள் போட்டால் 'எக்ஸாக்ட் மேட்ச்', மூன்றிலும் இறுக்கமானது. எக்ஸாக்ட் என்று பெயர்தான், அதிலும் அதே அர்த்தம் வரும் வேறு தேடல்கள் நுழையும். சின்ன பட்ஜெட்காரர் ஃபிரேஸிலும் எக்ஸாக்டிலும் தொடங்குவது நல்லது. 'கிரைண்டர்' என்று போடாமல் 'டேபிள் டாப் வெட் கிரைண்டர் 2 லிட்டர்', 'டில்டிங் கிரைண்டர் ஹோட்டலுக்கு' என்று போடுங்கள். அவ்வளவு விவரமாகத் தேடுகிறவர் வாங்கும் முடிவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டவர்.

எந்த எழுத்தில் தேடுகிறார்கள் என்ற விஷயத்தை நம் ஊர் விளம்பர ஏஜென்சிகளே மறந்துவிடுகின்றன. கூகுளில் தமிழ் விளம்பரங்களுக்கு 2018-இல் வழி திறந்தது. ஆனால் நம் ஆட்கள் தமிழ்ச் சொல்லைத் தமிழ் எழுத்தில் மட்டுமா தட்டுகிறார்கள்? 'மாவு அரைக்கும் மெஷின்' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள் ஏராளம். அதில் 'மாவு'க்கு ஒருவர் ஒரு 'ஏ' போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார். தமிழ் எழுத்து, ஆங்கிலம், ஆங்கில எழுத்தில் தமிழ் மூன்றிலும் கீவேர்ட் வைத்துப் பாருங்கள். பெரிய கம்பெனிகள் இந்த மூன்றாவது வகையை அதிகம் கவனிப்பதில்லை, அதனால் அங்கே போட்டி குறைவாகவே இருக்கும்.

சரி, செட்டிங்ஸ். இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். புதிதாக ஒரு கேம்பெய்ன், அதாவது தனி பட்ஜெட்டும் செட்டிங்ஸும் உள்ள ஒரு விளம்பரத் தொகுப்பு, தொடங்கும்போது 'செர்ச் பார்ட்னர்ஸ்' (கூகுளோடு சேர்ந்த வேறு தேடல் தளங்கள்), 'டிஸ்ப்ளே நெட்வொர்க்' (கூகுள் விளம்பரம் காட்டும் மற்ற இணையதளங்கள், ஆப்கள்) இரண்டிலும் டிக் போட்டே வரும், எடுத்துவிடுங்கள். ஊர் என்ற இடத்தில் கோயம்புத்தூர் என்று கொடுத்தாலும், அங்கே இருப்பவர்களோடு அந்த ஊரில் 'ஆர்வம் காட்டியவர்களுக்கும்' விளம்பரம் போகும்படிதான் முதலில் அமைந்திருக்கும். உள்ளூரில் மட்டும் டெலிவரி கொடுப்பவர் 'அங்கே இருப்பவர்கள்' என்று மாற்ற வேண்டும். ஆனால் துபாயில் உட்கார்ந்துகொண்டு பொள்ளாச்சியில் இருக்கும் அம்மாவுக்குக் கிரைண்டர் வாங்குகிற மகனும் உண்டு. அவரும் வேண்டுமென்றால் வளைகுடா நாடுகளுக்குத் தனி கேம்பெய்ன் போடுங்கள். தினசரி பட்ஜெட் 500 என்றால் ஒரு நாளில் 1000 வரை செலவாகலாம், பதற வேண்டாம். மாதத்துக்கு 500-ஐ 30.4-ஆல் பெருக்கிய தொகைக்கு மேல் போகாது.

பலரும் நினைப்பது, அதிகக் காசு கொடுப்பவர் மேலே வருவார் என்று. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1998-இல் அமெரிக்காவில் கோடூ டாட் காம் என்ற தளம் கிளிக்குக்கு இவ்வளவு என்று ஏலம் விடும் முறையைக் கொண்டுவந்தது. அதிகம் கேட்டவர் மேலே, அவ்வளவுதான். கூகுள் 2000-இல் 350 விளம்பரதாரர்களோடு ஆட்வேர்ட்ஸைத் தொடங்கியது, இன்றைய கூகுள் ஆட்ஸின் பழைய பெயர் அது. 2002-இல் கிளிக்குக்குக் காசு என்று மாறியபோது ஒரு திருத்தம் செய்தது: கேட்ட விலையோடு, எத்தனை பேர் அந்த விளம்பரத்தைக் கிளிக் செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தது.

இன்றைய கணக்கு இன்னும் சிக்கலானது, அடிப்படை அதேதான். ஒரு கிளிக்குக்கு நீங்கள் ஏலத்தில் 10 ரூபாய் கேட்கிறீர்கள், உங்கள் விளம்பரத்தின் தரம் 8. பக்கத்துக் கம்பெனி 15 ரூபாய் கேட்கிறது, தரம் 4. பெருக்கினால் உங்களுக்கு 80, அவர்களுக்கு 60. மேலே வருவது நீங்கள். அதோடு, நீங்கள் கேட்ட 10 ரூபாயையும் முழுதாகக் கொடுக்க வேண்டியதில்லை. 60-ஐத் தாண்ட எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான், அதாவது ஏழரை ரூபாயும் கொஞ்சமும். தரம் என்பது மூன்று விஷயம்: கிளிக் வர வாய்ப்பு, தேடலுக்கும் விளம்பரத்துக்கும் உள்ள பொருத்தம், கிளிக் செய்தவர் போய்ச் சேரும் பக்கம். டில்டிங் கிரைண்டர் தேடியவரைக் கம்பெனியின் முகப்புப் பக்கத்துக்கு அனுப்பாதீர்கள். அந்தக் கிரைண்டரின் படமும் விலையும் போன் நம்பரும் உள்ள பக்கத்துக்கு நேராக அனுப்புங்கள்.

கிளிக்குக்கு எவ்வளவு கொடுக்கலாம்? இதைக் கூகுளிடம் கேட்கக் கூடாது, உங்கள் கணக்குப்பிள்ளையிடம் கேளுங்கள். ஒரு கிரைண்டரில் 800 ரூபாய் லாபம் என்று வைத்துக்கொள்வோம். நூறு பேர் கிளிக் செய்தால் ஐந்து பேர் போன் செய்கிறார்கள், ஐவரில் ஒருவர் வாங்குகிறார். நூறு கிளிக்குக்கு 800 ரூபாய், ஒரு கிளிக்குக்கு 8 ரூபாய். எட்டுக்கு மேல் கொடுத்தால் நஷ்டம், எட்டே கொடுத்தால் கூகுளுக்காக உழைக்கிறீர்கள். விளம்பரச் செலவின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு இருக்கிறது, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்தக் கணக்குப் போட, எந்த போன் எந்த விளம்பரத்திலிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் 'கன்வெர்ஷன் டிராக்கிங்'. போன், படிவம், வாட்ஸ்அப் பட்டன் மூன்றையும் முதல் நாளிலேயே இணைத்துவிடுங்கள். அது இல்லாமல் 'மேக்ஸிமைஸ் கிளிக்ஸ்' என்று, அதாவது பட்ஜெட்டுக்குள் முடிந்தவரை அதிகக் கிளிக் வாங்கும் வேலையைக் கூகுளிடமே விட்டால், அது மலிவான கிளிக்காகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வரும். வாங்குகிற ஆளா என்று பார்க்காது.

சொந்தக் கம்பெனிப் பெயருக்கே விளம்பரம் போடலாமா என்று கேட்பார்கள். இணையத்தில் பொருள் விற்கும் தளமான ஈபே 2012-இல் சோதித்துப் பார்த்தது. தன் பெயர் வரும் தேடல்களுக்கு யாஹூவிலும் மைக்ரோசாஃப்டிலும் விளம்பரத்தை நிறுத்தியது. அந்தக் கிளிக்குகள் கிட்டத்தட்ட எல்லாமே கீழே இருக்கும் இலவச முடிவு வழியாக வந்து சேர்ந்துவிட்டன. ஈபே உலகம் அறிந்த பெயர். உங்கள் பெயரில் போட்டிக் கம்பெனி விளம்பரம் போடுகிறது என்றால் கதை வேறு, அப்போது கொஞ்சம் செலவழிக்கலாம். வழக்குப் போடலாமே என்றால், நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே 'பாரத் மேட்ரிமோனி' நடத்தும் நிறுவனம் கூகுள் மீதும் போட்டித் தளங்கள் மீதும் வழக்குத் தொடுத்தது. 2010-இல் வந்த உத்தரவில் இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. 'தமிழ்', 'மேட்ரிமோனி' போன்ற பொதுச் சொற்களாலான பெயர் என்பது அங்கே பெரிய விஷயமாகிவிட்டது. கடைக்குப் பெயர் வைக்கும்போதே இதை யோசியுங்கள்.

கடைசியாக, ஏஜென்சியிடம் கொடுப்பவர்களுக்கு. கணக்கை உங்கள் ஈமெயிலில், உங்கள் கார்டில் நீங்களே தொடங்குங்கள். அவர்களுக்கு உள்ளே வர அனுமதி மட்டும் கொடுங்கள். அவர்கள் கணக்கிலேயே நடந்தால், பிரியும்போது அத்தனை நாள் விவரமும் அவர்களோடு போய்விடும். அந்தக் கணக்கில் 'சேஞ்ச் ஹிஸ்டரி' என்று ஒரு பக்கம் உண்டு. இந்த மாதம் யார், எந்தத் தேதியில், எதை மாற்றினார்கள் என்று வரிசையாகக் காட்டும். பில் வந்ததும் பணம் அனுப்புவதற்கு முன்னால் அதை ஒருமுறை திறந்து பாருங்கள். நன்றி, வணக்கம்.