ஏரியை மண்வெட்டியால் இறக்கிய நாடு

[திரையில்: பனிமலைகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஓர் ஏரி. காற்றுச் சத்தம் மட்டும்.]

முழங்கால் வரை தண்ணீர். பனிக்கட்டி உருகி வந்த தண்ணீர் என்பதால், காலை வைத்த கொஞ்ச நேரத்தில் விரல்கள் மரத்துப்போகும். இடம், கடல்மட்டத்திலிருந்து 4,400 மீட்டருக்கு மேலே. அந்த உயரத்தில் சும்மா நடந்தாலே மூச்சு வாங்கும். அங்கே சில நூறு பேர் கடப்பாரையும் மண்வெட்டியுமாக நின்று பாறைகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் செய்யும் வேலை, ஓர் ஏரியின் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவது. ஏரியின் பெயர் தோர்த்தோர்மி. நாடு பூட்டான். 2009 முதல் 2012 வரை நடந்த கதை இது.

பூட்டான் என்றதும் 'மகிழ்ச்சியான நாடு', 'கார்பனை உறிஞ்சும் நாடு' என்று ஆரம்பிக்கும் வீடியோக்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். நான் ஏரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். காரணம் போகப்போகத் தெரியும்.

[திரையில்: வரைபடம். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நடுவே பூட்டான். அதன் வடக்கு ஓரத்தில் லுனானா.]

பரப்பளவில் பூட்டான் ஏறக்குறைய கேரளா அளவு. மக்கள்தொகை எட்டு லட்சத்துக்கும் குறைவு. வடக்கு எல்லை முழுக்க இமயமலை. அந்த வடக்கில், சாலையே இல்லாத பகுதி லுனானா. அங்கே பனியாறுகள் உருகி, உருகிய தண்ணீர் ஆங்காங்கே ஏரிகளாகத் தேங்கி நிற்கிறது.

இந்த ஏரிகளுக்குக் கரை கட்டியது யார்? பனியாறுதான். நூற்றாண்டுக் கணக்கில் அது தள்ளிக்கொண்டு வந்து குவித்த கல்லும் மண்ணும்தான் கரை. சிமெண்ட் கிடையாது, மதகு கிடையாது. இன்னொரு சிக்கல், அந்தக் குவியலுக்கு உள்ளேயே பனிக்கட்டி புதைந்திருக்கும். வெப்பம் கூடினால் ஒரு பக்கம் ஏரியில் தண்ணீர் ஏறும், இன்னொரு பக்கம் கரைக்குள் இருக்கும் பனி உருகிக் கரை தளரும். ஒரே காரணம், இரண்டு பக்கமும் அடி.

[திரையில்: புனாக்கா. இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் பெரிய கோட்டை.]

1994 அக்டோபர் 7. லுனானாவில் லுக்கே என்ற ஏரியின் கரை உடைந்தது. வெள்ளம் போ சூ ஆற்றில் இறங்கி, ஏறக்குறைய 90 கிலோமீட்டர் கீழே இருக்கும் புனாக்காவுக்கு வந்தது. 'சூ' என்றால் அவர்கள் மொழியில் ஆறு, தண்ணீர். போ சூ ஆண் ஆறு, மோ சூ பெண் ஆறு. இரண்டும் சேரும் இடத்தில்தான் 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய புனாக்கா ஜோங் நிற்கிறது. ஜோங் என்பது பாதி கோட்டை, பாதி மடாலயம். அன்றைக்கு அந்த ஜோங்கும் சேதமடைந்தது. 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வயல்கள் மணல்மேடாயின. மலையில் மழையே பெய்யாமல் இப்படி ஒரு வெள்ளம் வரும் என்று கீழே யாரும் எதிர்பார்க்கவில்லை.

அதன்பிறகுதான் பக்கத்தில் இருந்த தோர்த்தோர்மியைக் கூர்ந்து பார்த்தார்கள். அது முதலில் ஒரே ஏரியாக இல்லை. பனியாற்றின் மேல் சின்னச்சின்னக் குட்டைகளாகத்தான் இருந்தது. குட்டைகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கின. அதற்குப் பக்கத்திலேயே, தாழ்வான மட்டத்தில், ராப்ஸ்ட்ரெங் என்று இன்னோர் ஏரி. இரண்டுக்கும் நடுவில் மெலிந்துகொண்டே போகும் ஒரு மண்சுவர். மேலே இருப்பது உடைந்து கீழே இருப்பதில் விழுந்தால், 1994-ஐப்போல இரண்டு மடங்குக்கு மேல் தண்ணீர் வரும் என்று கணக்கிட்டார்கள்.

சரி, ஏரி மட்டத்தை இறக்க வேண்டும். பொக்லைன் கொண்டுபோகச் சாலை இல்லை. வெடி வைக்கலாமா? உள்ளே பனி இருக்கும் கரைக்குப் பக்கத்தில் வெடி வைக்கிறவர் யாரும் இல்லை. மிச்சம் இருந்தது மனிதக் கைதான்.

ஐ.நா. வளர்ச்சித் திட்டம் வழியாக வெளிநாட்டு நிதி வந்தது. ஆனால் பணம் பாறையைப் புரட்டாது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து ஆட்கள் கிளம்பினார்கள். ஏரிக்குப் போய்ச் சேரவே ஒரு வாரத்துக்கு மேல் நடை. அரிசி, கூடாரம், கருவிகள் எல்லாம் மூட்டை கட்டிக் குதிரையிலும் யாக் மாட்டிலும் போயின. வருடத்தில் வேலை செய்ய முடிந்தது சில மாதங்கள்தான். பனி விழுந்து கணவாய் மூடுவதற்குள் திரும்பிவிட வேண்டும். இப்படி சில பருவங்கள் போய், கால்வாய் வெட்டி, வெட்டியதை ஆழப்படுத்தி, ஏரியை 5 மீட்டர் இறக்கினார்கள்.

5 மீட்டர் என்பது ஒன்றரை மாடி உயரம். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. ஒரு முழு ஏரியின் மேற்பரப்பில் அந்த ஒன்றரை மாடித் தண்ணீரை வைத்துப் பாருங்கள்.

[திரையில்: அடர்ந்த பைன் காடு. மேலிருந்து.]

இப்போது அந்தக் கார்பன் கணக்குக்கு வருவோம். பூட்டான் வருடத்துக்கு வெளியிடும் பசுங்குடில் வாயு, 40 லட்சம் டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. அதன் காடுகள் உறிஞ்சுவதோ 90 லட்சம் டன்னுக்கு மேல். ஐ.நா.வுக்கு அவர்களே கொடுத்த கணக்கு இது. தோர்த்தோர்மியின் பனியை உருக்கிய வெப்பத்தில் இந்த நாட்டின் பங்கு என்ன என்று கேட்டால், ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஆனாலும் தண்ணீரில் இறங்கி நின்றது அவர்கள்தான். எனக்கு இந்த விஷயத்தில் உறுத்துவது இதுதான்.

அந்தக் காடு தானாக நிற்கவில்லை. 2008-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, நாட்டின் நிலப்பரப்பில் குறைந்தது 60 சதவீதம் என்றைக்கும் காடாகவே இருக்க வேண்டும் என்கிறது. ஒவ்வொரு பூட்டானியரும் இயற்கை வளத்துக்குக் காப்பாளர் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இன்று இருக்கும் காடு ஏறக்குறைய 70 சதவீதம். 2009-இல் கோபன்ஹேகனில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், 'நாங்கள் என்றைக்கும் கார்பன் சமநிலையில் இருப்போம்', அதாவது வெளியிடும் அளவுக்காவது உறிஞ்சிவிடுவோம், என்று வாக்குக் கொடுத்தார்கள்.

சட்டம் தலைநகர் திம்புவில் இருக்கிறது, மரம் ஊரில் இருக்கிறது. நடுவில் என்ன நடக்கிறது? பல கிராமங்களில் சமூகக் காட்டுக் குழுக்கள் உண்டு. வீடு கட்ட மரம் வேண்டும் என்றால் கோடாரியை எடுத்துக்கொண்டு நேராகப் போய்விட முடியாது. அனுமதி வாங்க வேண்டும். எந்த மரம் என்று அடையாளம் போட்டுக் கொடுப்பார்கள். அதைத்தான் வெட்டலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுப்பவர் விவசாயி. பயிர் செய்ய ஏற்ற நிலமே மலைநாட்டில் கொஞ்சம்தான். காடு வீட்டு வாசல் வரை வந்தால் காட்டுப்பன்றியும் கூடவே வரும். மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நேரத்தில் ராத்திரி முழுக்கக் காவல் இருக்க வேண்டியிருக்கிறது. இதற்காகவே மின்வேலி போட்டுக் கொடுக்கும் திட்டம் வந்தது. மாநாட்டு மேடைகளில் 'பசுமை நாடு' என்று கைதட்டு வாங்கும்போது, வயலோரக் குடிசையில் தகரத்தைத் தட்டி விழித்திருக்கும் ஆளை யாரும் காட்டுவதில்லை.

[திரையில்: அடுக்களை. மின்சார ரைஸ் குக்கரில் ஆவி.]

அடுத்து மின்சாரம். பூட்டானில் ஆறுகள் செங்குத்தாக இறங்குகின்றன, அதனால் நீர்மின்சாரம். சுக்கா, தாலா, மங்டேச்சூ என்று இந்தியாவின் உதவியோடு வரிசையாக மின்நிலையங்கள் கட்டினார்கள். உபரி மின்சாரத்தை இந்தியா வாங்குகிறது. நாட்டின் வருமானத்தில் அது பெரிய பங்கு. கிராமத்து வீடுகளுக்கு மாதம் 100 யூனிட் வரை இலவசம் என்று வந்ததும் விறகடுப்புப் புகை குறைந்தது, ரைஸ் குக்கர் வந்தது. சிவப்பரிசிச் சோறு இப்போது பல வீடுகளில் அதில்தான் வேகிறது.

ஆனால் குளிர்காலத்தில் ஆறு மெலிந்துவிடும். அப்போது பூட்டான் இந்தியாவிடமிருந்து திரும்ப மின்சாரம் வாங்குகிறது. பனி, மழை இரண்டின் முறையும் மாறினால் ஏரி மட்டும் ஆபத்தில் இல்லை, வருமானமும் ஆபத்தில்தான். அதை மின்துறைக்காரர்கள் நன்றாகவே அறிவார்கள்.

   

பூட்டான் மக்கள் எல்லோரும் சேர்ந்து ஏரியையும் காட்டையும் காக்கிறார்கள் என்று சொல்லும்போது ஒன்றை மறைத்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. 1990-களின் தொடக்கத்தில் தெற்கில் வாழ்ந்த நேபாளி மொழி பேசும் மக்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். நேபாளத்தின் அகதி முகாம்களில் இருபது வருடம் போல இருந்து, பெரும்பாலோர் பிறகு அமெரிக்கா போன்ற நாடுகளில் குடியேறினார்கள். காட்டைக் காக்கும் சட்டத்தில் 'ஒவ்வொரு பூட்டானியரும்' என்று எழுதியபோது அவர்கள் அந்தச் சொல்லுக்குள் இல்லை. இப்போது இன்னொரு வகையில் ஆள் குறைகிறது. படித்த இளைஞர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் பறக்கிறார்கள். அடுத்த தடவை ஏரியை இறக்க வேண்டி வந்தால் மூட்டை தூக்க யார் இருப்பார்கள் என்று தெரியவில்லை.

[திரையில்: ஆற்றோரக் கம்பத்தில் சைரன்.]

மறுபடி ஏரிக்கு. முன்பெல்லாம் எச்சரிக்கை முறை என்பது இரண்டு ஆட்கள்தான். லுனானாவில் ஒரு வயர்லெஸ் செட்டோடு உட்கார்ந்து ஏரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் கிளம்பினால் கீழே தகவல் சொல்ல வேண்டும். வருடம் முழுக்க அதுதான் உத்தியோகம். பிறகு தானியங்கிக் கருவிகள் வந்தன. ஏரியிலும் ஆற்றிலும் நீர்மட்டம் பார்க்கும் உணரிகள், கீழே கட்டுப்பாட்டு அறை, புனாக்கா-வாங்டி பள்ளத்தாக்கு நெடுக சைரன்கள். சத்தம் கேட்டால் ஆற்றை வேடிக்கை பார்க்கப் போகாமல் மேட்டுக்கு ஏற வேண்டும் என்று ஊர் ஊராக ஒத்திகை நடத்தினார்கள்.

2024-இல் அஜர்பைஜானின் பாகுவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் மடகாஸ்கர், பனாமா, சுரினாம் ஆகிய நாடுகளோடு சேர்ந்து பூட்டான் ஒரு கூட்டணி அமைத்தது. வெளியிடுவதைவிட அதிகமாக உறிஞ்சும் நாடுகளின் சங்கம். நாங்கள் காக்கும் காட்டுக்கு உலகம் ஏதாவது கொடுக்க வேண்டாமா என்பது அவர்கள் கேள்வி. கேள்வி இன்னும் மேசையில்தான் கிடக்கிறது.

தோர்த்தோர்மியில் பனி இன்னும் உருகிக்கொண்டிருக்கிறது. 2019 ஜூனில் அதன் பக்கம் ஓர் உடைப்பு ஏற்பட்டு ஆற்றில் தண்ணீர் ஏறியது. புனாக்காவில் அது நெல் நடவு நேரம். கீழே ஆற்றங்கரை ஊர்களுக்கு எச்சரிக்கை போனது, கரையோரம் இருந்தவர்கள் மேட்டுக்கு ஏறினார்கள்.