சின்னவிரல் விறைத்தால் முழங்கையைப் பாருங்கள்

(மருதமுனையில் நெசவாளர்கள் கூடியிருந்த ஒரு மாலையில் இயன்மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

கதவு நிலையில் முழங்கை இடிபட்டு, கரண்ட் அடித்த மாதிரிச் சின்னவிரல் வரைக்கும் சுரீர் என்று ஓடாத ஆள் இந்த மண்டபத்தில் இருக்க முடியாது. எலும்பில் அடி என்றுதான் நினைப்போம். அடி விழுவது நரம்பில். முழங்கையின் உட்பக்கம் துருத்துகிற எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கிறது, தடவிப் பாருங்கள். அதற்குள்தான் அல்நார் நரம்பு போகிறது. மேலே மூடியிருப்பது தோலும் மெல்லிய ஒரு நாரும்தான்.

கையை மடித்தால் அந்தப் பள்ளம் ஒடுங்கும், நரம்பும் இழுபடும். மடித்தபடியே மணிக்கணக்கில் இருந்தால் அதற்குப் போகிற இரத்தம் குறையும். தறியில் ஒரு கை நாடாக் கயிற்றை இழுக்க, மறு கை பலகையை அடிக்க, நாள் முழுக்க முழங்கைக்கு ஓய்வில்லை. ஓட்டோக்காரத் தம்பிமார் முழங்கையை விளிம்பில் ஊன்றுகிறார்கள். கடைக்காரர் மேசையில் ஊன்றுகிறார். மிச்சப் பேர் இரவில் படுத்துக்கொண்டு போன் பார்க்கிறோம், பிறகு கையைத் தலைக்குக் கீழே வைத்துத் தூங்குகிறோம்.

விறைப்பு எந்த விரலில் என்று கவனியுங்கள். சின்னவிரலும், மோதிரவிரலில் அதன் பக்கத்துப் பாதியும், அதோடு புறங்கையின் அந்த ஓரமும் விறைத்தால் முழங்கையைச் சந்தேகிக்கலாம். பெருவிரலும் அடுத்த இரண்டும் இரவில் விறைத்தால் அது பெரும்பாலும் மணிக்கட்டில் நெரிபடுகிற வேறு நரம்பு. நெஞ்சு இறுக்கத்தோடு இடக்கை விறைத்தால் நான் சொன்னதையெல்லாம் விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வயதான நெசவாளர் ஒருவர் என்னிடம் வந்து விறைப்பைப் பற்றிச் சொல்லவே இல்லை. "அறுந்த இழையை முடியும்போது நூல் கையில் நிற்குதில்ல, வழுகுது" என்றார். ஒரு கடதாசித் துண்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலின் பக்கத்துக்கும் இடையில் பிடிக்கச் சொல்லி இழுத்தேன். பெருவிரலின் நுனி மூட்டு மடிந்து, நகத்தால் குத்திப் பிடிக்கப் பார்த்தது. நல்ல கையில் பெருவிரல் நேராக நின்றே பிடிக்கும்; மடிந்தால் இந்த முழங்கை நரம்பு பலமிழந்திருக்கலாம். முதல் உலகப் போர்க் காலத்தில், 1915இல், ஃப்ரோமான் என்ற பிரெஞ்சு வைத்தியர் எழுதிவைத்த சோதனை இது. மெஷின் தேவையில்லை. வீட்டுக்குப் போய் நீங்களே செய்து பாருங்கள்.

விறைப்பு வந்து வந்து போகிற கட்டத்தில் வைத்தியம் லேசு. ஊன்றுவதை நிறுத்துங்கள். ஒரு துவாயைச் சுருட்டி முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டிப் படுத்தால் தூக்கத்தில் கை முழுதாக மடியாது. இரண்டு மூன்று மாதம் பொறுமையாகச் செய்தால் கனபேருக்குக் குறைந்துவிடும். விற்றமின் மாத்திரை, குறைபாடு இருந்தால்தான் உதவும். எண்ணெய் போட்டு அந்தப் பள்ளத்தை அழுத்தி உருவுவதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். நெரிபட்ட நரம்பை இன்னும் நெரிப்பது வைத்தியமில்லை.

பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில், புறங்கைப் பக்கம், சதை வற்றிக் குழி விழுந்திருந்தால் துவாய் காணாது. நரம்பு வழியாகச் சைகை ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கிற நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்து, தேவையென்றால் சத்திரசிகிச்சை. பெரும்பாலானோருக்கு அந்த நாரை வெட்டி இடம் கொடுத்தாலே போதும். நரம்பை எலும்புக்கு முன்னால் நகர்த்தி வைக்கிற பெரிய சத்திரசிகிச்சை, கை மடியும்போது நரம்பு வழுகி வெளியே வருகிறவர்களுக்கும் எலும்பு கோணியவர்களுக்கும்தான். தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது. பழுதான நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீற்றர்தான் வளரும். முழங்கையிலிருந்து விரல்ச் சதைக்குப் போய்ச் சேர ஒரு வருடம் அளவில் எடுக்கும். அதற்குள் சதை செத்துவிட்டால் நரம்பு வந்தும் பயனில்லை.

இன்னொன்றை நம் பக்கத்தில் சொல்லாமல் விட முடியாது. மட்டக்களப்பு வாவிக்குள் மாந்தீவில் தொழுநோய் வைத்தியசாலை ஏன் இருந்தது என்று பெரியவர்களுக்குத் தெரியும். தொழுநோய்க் கிருமி விரும்பித் தாக்குகிற நரம்புகளில் இந்த முழங்கை நரம்பும் ஒன்று. முழங்கைக்குப் பின்னால் நரம்பு கயிறு மாதிரித் தடித்து, உடம்பில் எங்காவது உணர்ச்சியில்லாத வெளிறிய தேமலும் இருந்தால் வெட்கப்படாமல் தோல் கிளினிக்குக்குப் போங்கள். 6 மாதம் அல்லது 12 மாதம் மருந்து, காசு இல்லை. இதை ஒளித்துவைத்து விரல் மடங்கிப்போன பிறகு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வரும்.

கடைசியாக, முன்வரிசையில் இருக்கிற தாத்தா கேட்ட கேள்வி: சின்ன வயதில் முழங்கை முறிந்து, முறிவு வைத்தியரிடம் கட்டிச் சுகமான மகனுக்கு இப்போது முப்பது வயது, சின்னவிரல் விறைக்கிறதாம். தொடர்பு இருக்கலாம். முறிந்த எலும்பு சரியாகப் பொருந்தாமல் கை வெளிப்பக்கமாகக் கோணி வளர்ந்திருந்தால் நரம்பு வருடக்கணக்கில் இழுபட்டு இப்போதுதான் முறையிடும். இரண்டு கையையும் நீட்டி வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கோணல் தெரிந்தால் ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு எலும்பு வைத்தியரிடம் கூட்டிப் போங்கள்.