பென்னி மார்ஷல்: டிவி காமெடியிலிருந்து டைரக்டர் நாற்காலிக்கு – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். நேயர் ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்: "பென்னி மார்ஷல் டிவி காமெடித் தொடரில் நடித்துப் பெயர் வாங்கியவர். அவர் ஹாலிவுட்டில் டைரக்டர் ஆனது சொந்தத் திறமையாலா, அண்ணனின் சிபாரிசாலா? காமெடி நடிகைக்கு அழ வைக்கிற படம் எடுக்க எப்படி வந்தது?"

அண்ணன் விஷயத்தை முதலில் பேசிவிடுகிறேன்.

அண்ணன் என்பது கேரி மார்ஷல். 'ஹேப்பி டேஸ்' தொடரை உருவாக்கியவர். பின்னாளில், 1990-இல், 'ப்ரிட்டி வுமன்' எடுத்தவரும் அவர்தான். பென்னி 1943-இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தார். அம்மா டேப் நடனம் சொல்லிக்கொடுத்தவர். பென்னி கல்லூரியில் படிக்கும்போதே கல்யாணம், ஒரு பெண் குழந்தை, அப்புறம் மணமுறிவு. அதன்பிறகுதான் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த அண்ணனிடம் வந்து சேர்ந்தார். 'தி ஆட் கப்பிள்' தொடரில் செக்ரட்டரி மிர்னா வேடம் கிடைத்தது. அது அண்ணனின் தொடர். 1976-இல் தொடங்கிய 'லாவர்ன் அண்ட் ஷர்லி'யும் அண்ணன் கைவண்ணம்தான். ஆக, சிபாரிசு இருந்தது. அதை மூடி மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் சிபாரிசு ஒருவரை ஸ்டூடியோ வாசல் வரைக்கும்தான் கூட்டிவரும். வாரா வாரம் ஜனங்களைச் சிரிக்க வைப்பது வேறு. 'லாவர்ன் அண்ட் ஷர்லி' என்பது அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஒரு பீர் தொழிற்சாலையில் பாட்டிலுக்கு மூடி போடுகிற இரண்டு பெண்களின் கதை. 1977-78, 1978-79 என்று அடுத்தடுத்த இரண்டு சீசனில் அமெரிக்காவிலேயே அதிகம் பேர் பார்த்த தொடராக இருந்தது. மொத்தம் எட்டு சீசன், 178 எபிசோட். பென்னி நடித்த லாவர்ன் பாத்திரத்தின் சட்டை எல்லாவற்றிலும் ஒரு பெரிய 'எல்' எழுத்து தைத்திருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த யோசனை பென்னியுடையது. நடிகையாக இருக்கும்போதே, பார்ப்பவர் கண்ணில் எது நிற்கும் என்று கணக்குப் போட்டவர் அவர்.

இதற்கு முன்னால் நடந்த ஒரு சின்ன சம்பவத்தையும் சொல்ல வேண்டும். ஒரு ஷாம்பூ விளம்பரம். அழகான கூந்தல்காரியாக நடிகை ஃபாரா ஃபாசெட், சாதாரண முடிக்காரியாக பென்னி. லைட்டிங் பார்ப்பதற்காக நடிகைகளுக்குப் பதிலாக வேறு ஆட்களை நிற்க வைப்பார்கள் அல்லவா, அவர்கள் கழுத்தில் அட்டை தொங்குகிறது. ஃபாராவுக்குப் பதிலாக நிற்பவர் அட்டையில் 'அழகான பெண்'. பென்னிக்குப் பதிலாக நிற்பவர் அட்டையில் 'அழகில்லாத பெண்' என்கிற பொருளில் ஒரு சொல். ஃபாரா அதைப் பார்த்துவிட்டு, அந்தச் சொல்லை அடித்து 'சாதாரணப் பெண்' என்று மாற்றி எழுதினாராம். பென்னி பிற்காலத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். எனக்கு இந்தச் சம்பவம் மறக்கவே மறக்காது. கேமரா முன்னால் தன்னை எந்த இடத்தில் நிற்க வைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வளர்ந்தவர், பிற்காலத்தில் கேமராவுக்குப் பின்னால் போனபோது நடிகர்களை எப்படிப் பார்த்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே இருப்பேன்.

சரி, டைரக்‌ஷனை எங்கே கற்றார்? நான் பார்த்தவரைக்கும், அந்தத் தொடரின் செட்டிலேயேதான். இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அந்தக் காலத்து சிட்காம், அதாவது டிவி காமெடித் தொடர், படப்பிடிப்பு சினிமா மாதிரி கிடையாது. எதிரே பார்வையாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கேமரா ஒரே நேரத்தில் ஓடும். நாடகம் மாதிரி காட்சியை நடித்துக்கொண்டே போக வேண்டும். ஒரு வசனத்துக்குச் சிரிப்பு எழுந்தால், அது அடங்கும்வரை முகத்தில் எதையும் கலைக்காமல் காத்திருக்க வேண்டும். சீக்கிரம் பேசினால் அடுத்த வசனம் சிரிப்பில் முங்கிப் போகும். தாமதித்தால் காட்சி சப்பென்று ஆகிவிடும். ஒரு வசனம் எடுபடவில்லை என்றால் அந்த நிமிடமே தெரிந்துவிடும், எதிரே நிசப்தம்தான். ஏழு வருஷம் இதையே செய்தவருக்கு, காட்சி எங்கே மூச்சு விட வேண்டும் என்று சொல்லித்தரத் தேவையில்லை. எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் இந்தக் காது கிடைக்காது. சிரிப்புக்குக் காத்திருக்கத் தெரிந்தவருக்கு அழுகைக்கும் காத்திருக்கத் தெரியும். உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கு என் பதில் இதுதான்.

அதே தொடரில் நான்கு எபிசோடுகளை அவரே இயக்கினார். 1983-இல் தொடர் முடிந்தது. உடனே சினிமா வந்து கதவைத் தட்டவில்லை. 'பெகி சூ காட் மேரிட்' படத்தை இயக்க ஒப்பந்தமாகி, கருத்து வேறுபாட்டில் அது கைவிட்டுப் போனது. கடைசியில் பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா அதை எடுத்தார். அப்புறம் வந்தது 'ஜம்பிங் ஜாக் ஃப்ளாஷ்'. ஹூப்பி கோல்ட்பர்க் நடித்த படம். வேறொரு டைரக்டர் தொடங்கி விலகிய படத்தில், தயாராக நேரமே இல்லாமல் போய் நின்றார். 1986-இல் வெளிவந்தது. பெரிய படம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பாதியில் நின்ற படத்தை முடித்துக் கொடுப்பார் என்ற நம்பிக்கை அவர்மேல் வந்தது.

அடுத்து 1988, 'பிக்'. ஒரு பையன் ஒரே ராத்திரியில் முப்பது வயது ஆளாக மாறிவிடுகிற கதை. அந்தச் சமயத்தில் இதே மாதிரி வயது மாறும் கதைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. கடைசியாக வந்தது இது. நியாயமாகப் பார்த்தால் அடிபட்டிருக்க வேண்டும். ஏன் இது மட்டும் நின்றது?

பென்னி வேலை செய்த விதத்தைப் பாருங்கள். பெரிய ஆளாக டாம் ஹாங்க்ஸ் நடிக்க வேண்டிய காட்சிகளை, முதலில் சின்னப் பையனாக நடித்த டேவிட் மாஸ்கோவை வைத்து நடிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். அந்தப் பையன் எப்படி நிற்கிறான், கையை எங்கே வைத்துக்கொள்கிறான் என்று ஹாங்க்ஸ் பார்த்துக்கொண்டார். அதனால்தான் படத்தில் ஹாங்க்ஸ் குழந்தைக் குரலில் கொஞ்சிப் பேசுவதே இல்லை. உடம்பின் அசைவு மட்டும் பன்னிரண்டு வயதுப் பையனுடையதாக இருக்கும். விருந்துக் காட்சியில் பேபி கார்னை எடுத்து, முழு மக்காச்சோளத்தைக் கடிப்பது போல வரிசையாகக் கடிப்பார். ஒரு வசனம் கிடையாது. அந்த ஒரு செய்கையில் அவன் சின்னப் பையன் என்று உங்களுக்குப் புரிந்துவிடும்.

அப்புறம் அந்தப் பொம்மைக் கடை பியானோ. தரையில் விரித்த ராட்சச பியானோ மேல் ஹாங்க்ஸும், பொம்மை கம்பெனி முதலாளியாக வரும் ராபர்ட் லோஜியாவும் குதித்துக் குதித்து வாசிப்பார்கள். பியானோ கற்கும் பிள்ளைகள் முதலில் தட்டிப் பழகுகிற இரண்டு மெட்டுகள், அவ்வளவுதான். அவர்களைப் போலவே உடை போட்ட டூப் ஆட்கள் அன்றைக்கு செட்டில் தயாராக இருந்தார்கள். அதைப் பார்த்ததும் இரண்டு பேரும் நாமே ஆடிவிடுவோம் என்று முடிவு செய்து ஆடினார்கள். நான் இந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பல தடவை பார்த்திருக்கிறேன். தலையிலிருந்து கால் வரை முழு உடம்பும் தெரியும்படி அகலமான ஷாட்டில் பென்னி அவர்களை விட்டுவிடுகிறார். பெரிய முதலாளிக்கு மூச்சு வாங்குகிறது, முகத்தில் சந்தோஷம். அது டிவி தொடரின் செட்டில் கால் தடுக்கி விழுந்து, மேஜைமேல் ஏறி, உடம்பாலேயே சிரிக்க வைத்த ஒருவரின் கண். முகத்தை மட்டும் குளோசப்பில் காட்டினால் அங்கே எதுவும் மிஞ்சாது என்று அவருக்குத் தெரியும்.

அமெரிக்காவில் மட்டும் 10 கோடி டாலருக்கு மேல் வசூலித்த, ஒரு பெண் இயக்கிய முதல் படம் 'பிக்'. ஹாங்க்ஸுக்கு முதல் ஆஸ்கர் பரிந்துரையும் இதில்தான். அவரும் 'புஸம் படீஸ்' என்ற டிவி காமெடியிலிருந்து வந்தவர் என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

அழ வைத்த படம் என்று நேயர் சொல்வது 1990-இல் வந்த 'அவேக்கனிங்ஸ்' ஆகத்தான் இருக்க வேண்டும். டாக்டர் ஆலிவர் சாக்ஸ் எழுதிய புத்தகத்திலிருந்து எடுத்தது. மூளை அழற்சி நோயால் பல பத்தாண்டுகள் சிலை மாதிரி உறைந்து கிடந்தவர்கள், 1969-இல் எல்-டோபா மருந்து கொடுத்ததும் விழித்தெழுந்தார்கள். பிறகு மெல்ல மெல்லப் பழைய நிலைக்கே திரும்பினார்கள். அந்த நிஜ மருத்துவமனை இருந்தது பிராங்ஸில், பென்னி பிறந்து வளர்ந்த அதே பகுதியில். நோயாளியாக ராபர்ட் டி நீரோ. கூச்ச சுபாவமுள்ள டாக்டராக ராபின் வில்லியம்ஸ். 'ஹேப்பி டேஸ்' தொடரில் வேற்றுக்கிரகவாசியாகத் தோன்றி நாட்டையே சிரிக்க வைத்தவரை, குரலே உயராத டாக்டராக உட்கார வைத்தார் பாருங்கள், அந்தத் துணிச்சல்! நகைச்சுவை நடிகரிடம் எவ்வளவு அமைதி இருக்கிறது என்று இன்னொரு நகைச்சுவை நடிகருக்குத்தான் தெரியும்.

அந்தப் படம் சிறந்த படம் உட்பட மூன்று ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. டைரக்டருக்குப் பரிந்துரை இல்லை. அதுவரை ஆஸ்கர் வரலாற்றிலேயே சிறந்த இயக்குநருக்குப் பரிந்துரை பெற்ற பெண் ஒரே ஒருவர்தான், இத்தாலியின் லீனா வெர்ட்முல்லர். பென்னிக்கு அநியாயம் நடந்தது என்றே நான் நினைக்கிறேன்.

பிற்காலப் படங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 'தி ப்ரீச்சர்ஸ் வைஃப்' நன்றாக இருக்கும். 2001-க்குப் பிறகு திரைப்படம் இயக்கவில்லை. 2018 டிசம்பரில், 75 வயதில் காலமானார்.

ஆனால் 1992-இல் எடுத்த 'எ லீக் ஆஃப் தெயர் ஓன்' படத்தைக் கட்டாயம் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்காவில் பெண்களுக்கென்று தொடங்கிய பேஸ்பால் லீக்கின் கதை. பந்து ஆடத் தெரியுமா என்று மைதானத்தில் சோதித்துப் பார்த்துத்தான் நடிகைகளை எடுத்தார். சறுக்கி விழுந்த ஒரு நடிகையின் தொடையில் தெரியும் பெரிய காயம் மேக்கப் கிடையாது, நிஜம். இதுவும் 10 கோடி டாலரைத் தாண்டியது. முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். பெயர்கள் ஓடும்போது, அந்த லீக்கில் நிஜமாகவே ஆடிய பெண்கள், தலை நரைத்த பாட்டிகள், மைதானத்தில் இறங்கி ஆடுவார்கள். நடுவரோடு சண்டை கூடப் போடுவார்கள். கேமராவை அவர்கள்மேல் வைத்துவிட்டு பென்னி அவசரப்படாமல் காத்திருப்பது உங்களுக்கே தெரியும்.