யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் எங்கே?

நேயர்களுக்கு வணக்கம்.

2000ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி சிங்கப்பூரின் ஹோங் லிம் பூங்காவில் ஸ்பீக்கர்ஸ் கார்னரைத் திறந்தார்கள். போலிஸ் உரிமம் வாங்காமல் ஒரு குடிமகன் எழுந்து நின்று பேசக்கூடிய இடம் அது. முன்பே பதிந்துகொள்ள வேண்டும், மத விஷயங்களைத் தொடக்கூடாது, இனப்பகையைக் கிளறக்கூடாது. மொழிக்கும் விதி உண்டு: நான்கு அதிகாரத்துவ மொழிகளில் எதிலும் பேசலாம். தமிழிலும்தான். அதை முதன்முதலில் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் பேசுகிறவர் சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும். நிரந்தரவாசி கூட்டத்தில் கலந்துகொள்ளலாம். வொர்க் பெர்மிட்டில், அதாவது வேலை அனுமதியில் வந்திருக்கும் வெளிநாட்டு ஊழியர், தனி அனுமதி இல்லாமல் அதுவும் முடியாது. அறந்தாங்கியிலிருந்து வந்து கட்டுமானத் தளத்தில் நாள் முழுக்கத் தமிழ் பேசுகிற ஒருவருக்கு அங்கே அவர் மொழிக்கு இடம் உண்டு, அவருக்கு இல்லை. உள்நாட்டு அரசியலில் வெளியார் தலையிடக்கூடாது என்பது அரசாங்கம் சொல்லும் காரணம். அது எனக்குப் புரிகிறது. ஆனால் தன் சம்பளத்தையும் தன் உயிரையும் பற்றிப் பேசுகிறவர் எப்படி வெளியார் ஆவார்?

லாரி விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காரின் பின்னிருக்கையில் இருக்கை வார் போடாவிட்டால் நமக்கு அபராதம். வேலைத் தளத்துக்கு லாரியின் பின்தட்டில் ஏற்றிச் செல்லப்படும் ஊழியர்களுக்கு வார் கிடையாது. கூரை, உயர்ந்த பக்கக் கம்பி, 2023 முதல் மழைத் திரை என்று விதிகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடின. அந்த ஆண்டு விவாதம் சூடுபிடித்தது. ஆட்களை லாரியில் ஏற்றுவதற்கே தடை வேண்டும் என்றார்கள் சிலர். பேருந்தும் ஓட்டுநரும் போதாது, சிறு நிறுவனங்கள் செலவு தாங்காது என்றன வர்த்தக அமைப்புகள்.

தோ பாயோவில் ஒரு தோழி வீட்டில் மாதம் ஒரு வெள்ளி இரவு நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். அங்கேயும் இதே பேச்சு வந்தது. செலவு, கம்பியின் உயரம், வேக வரம்பு என்று ஒரு மணி நேரம் பேசினோம். அன்று ஒருவர் தனக்குத் தெரிந்த ஊழியர் ஒருவரை அழைத்து வந்திருந்தார். வேலை முடிந்து நேராக வந்தவர், சட்டையில் சிமெண்ட் காயவில்லை. தேநீர் வரும்வரை அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும்தான். அப்புறம் அவரே மெதுவாகச் சொன்னார்: "அக்கா, மழை வெயில்கூடப் பரவாயில்ல. தூக்கம்தான். காலையில நாலரைக்கு எழுந்திரிக்கிறோம். வண்டி கிளம்புனதும் கண்ணு சொருகிடும். தூங்குற ஆளு எதைப் பிடிச்சுக்குவான்?"

கம்பியைப் பற்றி அவ்வளவு பேசினோமே, அதைப் பிடிக்கும் கை தூங்கிவிடும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இல்லப் பணிப்பெண்களின் விஷயமும் இப்படித்தான். 2013இல் வாரம் ஒரு நாள் ஓய்வு என்று விதி வந்தது. அதற்குப் பதிலாகப் பணம் கொடுக்கவும் வழி இருந்தது. 2023 முதல் மாதத்தில் ஒரு நாளாவது ஓய்வு கொடுத்தே ஆகவேண்டும், பணத்தால் ஈடுகட்ட முடியாது. இது சரியா என்று நம் வரவேற்பறையில் வாதாடுகிறோம். காப்பி கொண்டுவந்து வைப்பவர் அவர்தான். கேட்டிருக்கிறோமா?

நாமும் இந்த ஊரில் வந்து சேர்ந்தவர்கள்தான். 1935இல் தமிழ் முரசு நாளிதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1950களில் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளச் சொல்லித் தமிழர்களை விடாமல் வலியுறுத்தினார். பதியாமல் விட்டால் தங்களைப் பற்றிய முடிவுகளைப் பிறர்தான் எடுப்பார்கள் என்பது அன்றைய கவலை. துறைமுகத்தில் கூலி வேலை செய்த என் தாத்தாவும் வரிசையில் நின்று பதிந்தவர். அதனால்தான் இன்று இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் கூட்டத்தை இப்போது ஞாயிறு மாலைக்கு மாற்றிவிட்டோம். லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவுக்கு வருகிற ஊழியர்கள் அப்படியே வந்துபோக அதுதான் வசதி. போன மாதம் மூன்று பேர் வந்தார்கள். அவர்கள் பேசி முடித்த பிறகுதான் நாங்கள் வாய் திறந்தோம்.

நன்றி, வணக்கம்.