பனியில் கட்டிய பீடம்

நேயர்களுக்கு வணக்கம்.

2016 ஜனவரி 23, சனிக்கிழமை. அமெரிக்காவின் பென்சில்வேனியா நெடுஞ்சாலையில் பேருந்துகள் வரிசையாக நிற்கின்றன. முந்தின நாள் இரவே பனிப்புயலில் மாட்டிக்கொண்டவை. உள்ளே பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். வாஷிங்டனில் நடந்த கருக்கலைப்பு எதிர்ப்புப் பேரணிக்குப் போய்விட்டு நெப்ராஸ்கா, அயோவா, மினசோட்டா என்று ஊர் திரும்புகிறவர்கள். வண்டி நகர்வதாக இல்லை. சரி என்று இறங்கி, சாலையோரச் சரிவில் பனியை அள்ளிக் குவித்து, தட்டித் தட்டி ஒரு பீடம் கட்டினார்கள். கூட வந்த கத்தோலிக்கச் சாமியார்கள் அதில் திருப்பலிப் பூசை வைத்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் கொட்டும் பனியில் நின்றார்கள்.

அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கருவில் இருப்பதும் உயிர்தான் என்று நம்புகிறவன் நான். அந்தப் பிள்ளைகளில் என் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்தேன்.

கருக்கலைப்பை அரசியல் சாசன உரிமையாக்கிய, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ரோ தீர்ப்பு 1973 ஜனவரி 22இல் வந்தது. அடுத்த ஆண்டு அதே நாளில் முதல் பேரணி. தொடங்கியவர் நெல்லி கிரே என்ற வழக்கறிஞர், அரசு வேலையை விட்டுவிட்டு வந்தவர். அதற்குப் பிறகு ஆண்டுதோறும் ஜனவரிக் குளிரில், பங்குக் கோயில்களிலிருந்து ராத்திரி வண்டி ஏறி வந்தார்கள் சாதாரண மக்கள். 2022 ஜூன் 24இல் ரோ தீர்ப்பு ரத்தானது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டிலேயே, கருக்கலைப்பை எதிர்ப்பவர்கள் செல்வாக்கான கன்சாஸ் மாநிலத்தில், மாநில சாசனத்திலிருந்து அந்த உரிமையை எடுக்கலாமா என்று மக்களிடம் கேட்டபோது, ஏறக்குறைய 59 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் மனசை நீதிமன்றம் மாற்றித் தராது.

அப்புறம் மதச் சுதந்திரம். ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்ற கன்னியர் சபை, வயதான ஏழைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் சபை. சென்னையிலும் அவர்களுக்கு இல்லம் உண்டு. ஊழியர் காப்பீட்டில் கருத்தடைச் செலவும் சேர வேண்டும் என்று அமெரிக்க அரசு சொன்னது. ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அந்தச் செலவு உங்களைச் சேராது என்றது. அந்தக் கையெழுத்தே பாவத்துக்குத் துணைபோவது என்று கன்னியர்கள் மறுத்தார்கள். வழக்கு இழுத்து இழுத்து, 2020இல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று அவர்கள் பக்கம் நின்றது.

அவர்கள் கையில் இருந்தது சமயச் சுதந்திரச் சட்டம்; தக்க காரணமில்லாமல் ஒருவரின் சமய நம்பிக்கைக்கு அரசு குறுக்கே நிற்கக் கூடாது என்பது. அது 1993இல் வந்தது. எதனால் வந்தது தெரியுமா? பழங்குடிச் சமயச் சடங்கில் பெயோட்டி என்ற கள்ளியைச் சாப்பிட்டதற்காக ஆரிகனில் இரண்டு பேருக்கு வேலை போனது. வேலையில்லாதோர் உதவித்தொகையும் கிடையாது என்றார்கள். 1990இல் உச்ச நீதிமன்றமும் கைவிட்டது. அந்த இருவருக்கு நேர்ந்ததைப் பார்த்துக் கொதித்து எல்லாச் சமயத்தாரும் சேர்ந்து கேட்டு வாங்கிய சட்டம் அது. கன்னியர்களைக் காத்தது பழங்குடிச் சடங்குக்காரர்களின் கண்ணீர் என்றே சொல்வேன்.

இப்போது இண்டியானா மாநிலத்துக்கு வருவோம். அங்கே 2022இல் கருக்கலைப்புத் தடை வந்தது. தாயின் உடல்நலமும் மனநலமும் கெடுமென்றால் தாயைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறது எங்கள் மறை என்று யூதப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். அதே மாதிரி அந்த மாநிலமும் போட்டிருந்த சமயச் சுதந்திரச் சட்டம் அவர்களுக்கும் உண்டு என்று 2024 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

என்னைப் போலக் கருக்கலைப்பை எதிர்ப்பவர்களிடம் இதைச் சொன்னால் முகம் மாறுகிறது. "அதெப்படி, நம்ம சட்டத்தை அவங்க எடுத்துக்கிறது?" என்று கேட்கிறார்கள். எனக்கும் அந்தத் தீர்ப்பின் விளைவு வலிக்கிறது. ஆனாலும் அந்தப் பெண்கள் கேட்டதில் தப்பு இல்லை. 2015இல் அந்த மாநிலச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அன்றைய ஆளுநர் மைக் பென்ஸ், கருக்கலைப்பை உறுதியாக எதிர்ப்பவர். கையெழுத்திட்ட நேரத்துப் படம் இருக்கிறது. அவர் முதுகுக்குப் பின்னால் கன்னியர்களும் துறவிகளும் நிற்கிறார்கள். அவர்களோடு யூதர்களும் நிற்கிறார்கள்.